எக்ஸ்ரேயில் தேய்மானம், இனி மெஷினில் உட்காரவே கூடாதா?

கடிதம் எழுதியவர் 43 வயதுப் பெண். திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் பதினோரு வருடமாக ஓவர்லாக் டெய்லர். நான்கு பக்கக் கடிதம், சுருக்கித் தருகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு சனிக்கிழமை, ஷிப்மென்ட் அவசரத்தில் இரவு பதினொரு மணி வரை தைத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து, சோபாவின் கைப்பிடியில் தலையை வைத்துச் செல்போன் பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டார். காலையில் கழுத்து இடப்பக்கம் திரும்பவில்லை. யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்த்துத்தான் திரும்ப முடிந்தது. மாமியார் முதலில் தலையணையை எடுத்து வெயிலில் போட்டார். மறுநாள் அடுத்த தெருவில் சுளுக்கு வழிக்கிற அம்மாவிடம் போய் நல்லெண்ணெய் தேய்த்து வழித்துக்கொண்டு வந்தார்கள். இரண்டு நாள் தேவலை. வேலைக்குப் போனதும் மறுபடி பிடித்துக்கொண்டது. மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய வலி மாத்திரையைப் பன்னிரண்டு நாள் சாப்பிட்டிருக்கிறார். இரத்த அழுத்தத்துக்கு ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர். இப்போது நெஞ்செரிச்சலும் சேர்ந்துவிட்டது.

இதற்கிடையில் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்ததில், கழுத்தெலும்பில் தேய்மானம், கழுத்தின் வளைவும் நேராகிவிட்டது என்று சொல்லிக் காலர் மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு வாரமாகத் தூங்கும்போதும் அதைக் கழற்றவில்லை. படுக்கையில் புரண்டால் தலை சுற்றுகிறது, வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அவ்வப்போது மரத்துப்போகின்றன. கணவர், “நான் முடி வெட்டிக்கொள்கிற கடைக்கு வா, கழுத்தைத் திருப்பி ஒரு சொடக்கு எடுத்தால் போதும்” என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் 21 நாள் எண்ணெய்க் கிழி சிகிச்சைக்குப் போகச் சொல்கிறார், செலவு நாற்பதாயிரம். கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி: “இப்போதெல்லாம் நூல் அறுந்தால் கோத்துத் தரப் பக்கத்து மெஷின் பிள்ளையைத்தான் கூப்பிடுகிறேன். கை நரம்பும் போய்விட்டதா டாக்டர்? நான் மெஷினை விட்டுவிட வேண்டியதுதானா?”

அம்மா, உங்களை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் நீங்கள் ஒன்றையும் மறைக்காமல் எழுதியிருப்பதால் ஓரளவு தைரியமாகவே பதில் சொல்ல முடிகிறது. அன்று காலையில் உங்களுக்கு வந்தது எலும்பு நோய் இல்லை, தசைப் பிடிப்பு. தோள்பட்டை எலும்பின் மேல் மூலையிலிருந்து கழுத்தின் மேல் எலும்புகள் வரை கயிறு மாதிரி ஒரு தசை ஓடுகிறது. தோளைத் தூக்குவதும் கழுத்தை நிலையாகப் பிடித்துக்கொள்வதும் அதன் வேலை. நாள் முழுக்கக் குனிந்து தைத்தபோது அது இழுபட்டே இருந்தது. அந்தக் களைப்போடு, சோபாக் கைப்பிடியில் கழுத்து ஒரு பக்கம் மடிந்து பல மணி நேரம் கிடந்தது. காலையில் அது இறுகிக்கொண்டதில் ஆச்சரியமில்லை. மின்விசிறிக் காற்று, வாயு இவற்றின் மேல் பழி போட வேண்டாம்.

இந்தப் பிடிப்பு பெரும்பாலும் சில நாளில், அதிகம் போனால் இரண்டு வாரத்தில் தானாகவே விட்டுவிடும். தலையணையை வெயிலில் போட்டால் சுளுக்கு போய்விடும் என்ற நம்பிக்கைக்குக் காரணமே இதுதான். வெயிலில் போட்டாலும் போடாவிட்டாலும் போயிருக்கும். ஆனாலும் உங்கள் மாமியாரைக் கேலி செய்ய மாட்டேன். நடுவில் குழிந்து கட்டிகட்டியான இலவம்பஞ்சுத் தலையணை வெயில் பட்டால் உப்பி எழும், அன்று இரவு தலைக்கு நல்ல தாங்கல் கிடைக்கும். கால் முதலில் வந்து பிறந்தவரைக் கூப்பிட்டு உதைக்கச் சொல்லவில்லையே, அந்த மட்டில் நல்லது.

சரி, தானாக விட வேண்டியது உங்களுக்கு ஏன் மூன்று வாரம் ஆகியும் விடவில்லை? பிடிப்பு விடுவதற்குள் பழையபடி பத்து மணி நேரம் குனிந்தீர்கள். அப்புறம் காலர் வந்தது. அதோடு “தேய்மானம்” என்ற சொல்லும் வந்தது.

தேய்மானம் என்கிற பூதம்

அந்தச் சொல்லைக் கேட்டதும் சோப்புக்கட்டி கரைவதுபோல எலும்பு கரைந்துகொண்டிருப்பதாக நினைத்துவிட்டீர்கள். அசைத்தால் இன்னும் தேயும் என்ற பயம் உங்கள் கடிதத்தில் வரிக்கு வரி தெரிகிறது. கழுத்தில் ஏழு எலும்புகள். அவற்றுக்கு நடுவில் இருக்கிற வட்டுகளைத்தான் ‘ஜவ்வு’ என்கிறோம். வயதாக ஆக அவற்றில் நீர் குறையும், உயரம் குறையும், ஓரத்தில் சின்ன எலும்பு முனைகள் வளரும். தலை நரைப்பது மாதிரிதான் இதுவும். ஜப்பானில் கழுத்து வலியே இல்லாத 1,211 பேருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2015இல் வெளிவந்தது. அவர்களில் 87.6 சதவீதம் பேருக்கு ஜவ்வு பிதுங்கியிருந்தது, இருபதுகளில் இருந்தவர்களிலும் பெரும்பாலானவர்களுக்கு இருந்தது. ஆக, 43 வயதில் உங்கள் எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்தது என்பதை வைத்து, இந்த வலிக்கு அதுதான் காரணம் என்று முடிவுகட்ட முடியாது.

“வளைவு நேராகிவிட்டது” என்பதும் அப்படித்தான். தசை இறுகியிருக்கும்போது எடுத்தாலோ, தாடையைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு எடுத்தாலோ கழுத்து படத்தில் நேராகத்தான் விழும். உங்களுக்குப் பிடிப்பு இருந்த சமயத்தில் எடுத்த படம் அது. இதற்காக மறுபடி மறுபடி எக்ஸ்ரே எடுக்க வேண்டாம். கால்சியம் மாத்திரை இந்தப் பிடிப்பை எடுக்காது.

காலரைக் கழற்றுங்கள்

எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை போன்றவற்றுக்குக் காலர் தேவை. கைக்கு இறங்குகிற கடுமையான நரம்பு வலிக்கும் சில நாள் போடச் சொல்வதுண்டு. வெறும் தசைப் பிடிப்புக்கு இரண்டு வாரம் இரவு பகலாகப் போட்டால், தலையைத் தாங்குகிற வேலையைத் தசைகள் மறந்துவிடும். நாலரை, ஐந்து கிலோ எடையுள்ள தலையை அவைதான் தாங்க வேண்டும். இன்று இரவிலிருந்து தூங்கும்போது போடாதீர்கள். நாளை முதல் வீட்டில் இருக்கும்போது வேண்டாம். பஸ்ஸில் குலுங்குமே என்று பயமாக இருந்தால் போகிற வழியில் மட்டும் இரண்டு மூன்று நாள் மாட்டிக்கொள்ளுங்கள், அதன் பிறகு பீரோ மேல் போட்டுவிடுங்கள். கழற்றிய முதல் இரண்டு நாள் கொஞ்சம் வலி கூடின மாதிரி இருக்கும். அதைத் தேய்மானம் என்று நினைத்துத் திரும்ப மாட்டிக்கொள்ளாதீர்கள்.

வீட்டில் செய்யக்கூடியது

உங்கள் வீட்டு வைத்தியத்தில் நான் முழுமனதாக ஆதரிப்பது ஒத்தடம். இரண்டு கைப்பிடி கல்லுப்பை இரும்புச் சட்டியில் வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து, முதலில் உங்கள் முழங்கையின் உட்பக்கம் வைத்துச் சூடு பாருங்கள். தாங்குகிற சூடு என்றால் கழுத்தின் பக்கவாட்டிலும் தோளின் மேலும் ஒற்றி ஒற்றி எடுங்கள். பதினைந்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை. தவிடு, நொச்சி இலை, வெந்நீர்ப் பை எதுவானாலும் சரி, உள்ளே போகிற இதமான சூடுதான் மருந்து. தைலம் தேய்த்த இடத்தில் உடனே ஒத்தடம் வைக்காதீர்கள், தோல் வெந்துவிடும். அடிபட்டு வீங்கிய கழுத்துக்கு முதல் இரண்டு நாள் ஐஸ்தான். உங்களுக்கு அடி எதுவும் படவில்லை என்பதால் சூடே போதும்.

சுளுக்கு வழிப்பதில் பாதி சரி, பாதி தப்பு. எண்ணெய் விட்டு மெதுவாக நீவிவிடுவது இதமானது, உங்களுக்குக் கிடைத்த இரண்டு நாள் நிம்மதி அதனால்தான். கடைசியில் தாடையைப் பிடித்து வெடுக்கென்று ஒரு திருப்பு திருப்புவார்களே, அது கூடாது. கழுத்துக்கு அடியில் உலக்கை வைத்து உருட்டுவதும் வேண்டாம். கிழியும் அடிப்படையில் எண்ணெயும் சூடும்தான். பிடித்திருந்தால், வசதியும் இருந்தால் செய்யலாம். கடன் வாங்கி நாற்பதாயிரம் கட்டுகிற அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை.

அந்த வலி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். நீங்கள் அனுப்பிய அட்டையில் டைக்லோஃபினாக் இருக்கிறது. அது இரத்த அழுத்தத்தை ஏற்றும், வயிற்றைப் புண்ணாக்கும், தொடர்ந்து எடுத்தால் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். மலம் தார் மாதிரி கருப்பாகப் போயிருந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலி தாங்கவில்லை என்றால் 650 மில்லிகிராம் பாராசிட்டமால், சாப்பிட்ட பிறகு, ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் போகாமல், நாலைந்து நாள். கல்லீரல் கோளாறு இருந்தால் அதையும் கேட்காமல் எடுக்க வேண்டாம். இரத்த அழுத்தத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனி பயிற்சி. ஒத்தடம் கொடுத்த சூட்டோடு செய்தால் சுலபம். நிமிர்ந்து உட்கார்ந்து, யாரோ நெற்றியைத் தொட வரும்போது பின்வாங்குவதுபோலத் தாடையை நேராகப் பின்னுக்கு இழுங்கள். மேலேயும் பார்க்கக் கூடாது, கீழேயும் பார்க்கக் கூடாது. ஐந்து நொடி வைத்து விடுங்கள், பத்து முறை. அடுத்து, முகத்தைப் பாதி வலப்பக்கம் திருப்பி, உங்கள் வலது அக்குளை எட்டிப் பார்ப்பதுபோலக் குனியுங்கள். இடது பிடரியிலிருந்து தோள்வரை ஒரு இழுப்புத் தெரியும். வலது கையால் தலையை லேசாக, தலையின் சொந்த எடை அளவுக்கு மட்டும், தாங்கி இருபது நொடி இருங்கள். அடுத்த பக்கமும் அப்படியே. பிறகு உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தலை அசையாமல் ஒன்றையொன்று தள்ளுங்கள், ஐந்து நொடி. பக்கவாட்டிலும் பிடரியிலும் இதேபோல. கடைசியாக இரண்டு தோள்பட்டைகளையும் பின்னால் நெருக்குவது, பத்து முறை. தலையைச் செக்கு மாதிரி வட்டமாகச் சுற்றாதீர்கள். இழுப்பு தெரியலாம், கையில் மின்சாரம் பாய்ந்த மாதிரி வலி இறங்கினால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிடுங்கள்.

தூங்கும்போது ஒரு தலையணை போதும். ஒருக்களித்துப் படுப்பவர் என்றால் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை நிரப்புகிற உயரம் வேண்டும். குப்புறப் படுக்காதீர்கள், இரவு முழுக்கக் கழுத்து ஒரு பக்கமாகவே முறுக்கிக் கிடக்கும்.

சலூன் சொடக்கு வேண்டவே வேண்டாம்

இதை உங்கள் கணவரும் படிக்கட்டும். அந்த ‘படக்’ சத்தம் எலும்பு இடத்தில் உட்கார்ந்த சத்தம் இல்லை. மூட்டுக்குள் இருக்கிற திரவத்தில் வாயுக்குமிழி உண்டாகிற சத்தம். கொஞ்ச நேரம் லேசான மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அதற்குக் கொடுக்கிற விலை என்னவென்றால், மூளையின் பின்பக்கத்துக்கு இரத்தம் கொண்டுபோகிற இரண்டு குழாய்கள் கழுத்தெலும்புகளின் பக்கத் துளைகளுக்குள் நுழைந்துதான் மேலே ஏறுகின்றன. வெடுக்கென்று முறுக்கும்போது குழாயின் உட்சுவர் கிழிந்து, அங்கே கட்டுகிற இரத்தக்கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் ஆளை முடக்கும். முறுக்கினால்தான் இப்படி ஆகும் என்றுகூட இல்லை. அழகு நிலையத் தொட்டியில் கழுத்தைப் பின்னால் மடித்துத் தலை அலசியதில் மூளைப் பாதிப்பு வந்த ஐந்து பெண்களைப் பற்றி 1993இலேயே அமெரிக்க நரம்பியல் மருத்துவர் மைக்கேல் வைன்ட்ராப் எழுதியிருக்கிறார். இருபது வருடமாகச் சொடக்கு எடுத்துக்கொள்கிறேன், ஒன்றும் ஆகவில்லை என்பார் உங்கள் கணவர். ஹெல்மெட் போடாதவர்களும் அதையேதான் சொல்கிறார்கள்.

தலைச்சுற்றலும் விரல் மரப்பும்

கழுத்துத் தேய்மானம் இருந்தால் தலை சுற்றும் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். படுக்கையில் புரளும்போது வந்து, ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடுகிற சுற்றல் பெரும்பாலும் உள்காதிலிருந்து வருவது. அங்கே இருக்கிற நுண்ணிய துகள்கள் இடம் மாறிவிடுவதால் வருகிறது. காது மூக்கு தொண்டை மருத்துவர் தலையை ஒரு வரிசையில் சாய்த்துச் சாய்த்துப் பல சமயம் ஒரே தடவையில் சரிசெய்துவிடுவார். கழுத்து கொஞ்சம் அசையத் தொடங்கியதும் போய்ப் பாருங்கள். எழுந்து நிற்கும்போது சுற்றினால் அது வேறு, இரத்த அழுத்த மாத்திரையின் அளவைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போவதற்கு இரண்டு இடத்தில் காரணம் இருக்கலாம். கழுத்தில் நரம்பு வேர் அழுந்துவது ஒன்று, மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவது மற்றொன்று. வருடக்கணக்காகத் துணியைத் தள்ளித் தைக்கிற கைகளில் இரண்டாவதை அடிக்கடி பார்க்கிறேன். ராத்திரி மரத்துப்போய் எழுந்து கையை உதறினால் சரியாகிறதா? மணிக்கட்டாக இருக்கலாம். அண்ணாந்து வலப்பக்கம் சாய்த்தால் விர்ரென்று விரல் வரை இறங்குகிறதா? கழுத்தாக இருக்கலாம். இரண்டுமே அவசரமில்லை, ஆனால் ஒரு மருத்துவர் தொட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டியவை. இந்த மாதத்துக்குள் போய்விடுங்கள்.

தாமதிக்கக் கூடாதவை என்று சில உண்டு. காய்ச்சல், கடும் தலைவலி, வாந்தியோடு கழுத்து விறைத்தால் மூளைக்காய்ச்சல் சந்தேகம், அன்றே ஆஸ்பத்திரி. தினமும் மாலைக் காய்ச்சல், எடை குறைவு, படுத்தாலும் தணியாத இரவு வலி என்றால் எலும்புக் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், நம் ஊரில் அது இன்னும் இருக்கிறது. நடை தள்ளாடுவது, கை கால் வலுவிழப்பது, சிறுநீர் கட்டுப்பாடு போவது எல்லாம் தண்டுவடம் அழுந்துவதன் அடையாளம். கழுத்து வலியோடு பேச்சு குழறினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, நெஞ்சும் இடது கையும் தாடையும் வலித்து வியர்த்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள்.

நூல் கோக்கிற விஷயம்

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்தது அந்தக் கடைசி வரியைத்தான். நூல் கோக்க முடியாமல் போவதற்கு விரல் காரணமா, கண் காரணமா? விரல் தடுமாறினால் அது தண்டுவட எச்சரிக்கையாக இருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு ஜாக்கெட் ஊக்கு மாட்டிப் பாருங்கள். பத்து நொடிக்குள் விரல்களை முழுக்க மடக்கி முழுக்க விரித்து எண்ணுங்கள், இருபது தடவை வர வேண்டும். அதற்குக் குறைந்தால் இந்த வாரமே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

இருபது வந்து, ஊசியைத் தள்ளிப் பிடித்தால் மட்டும் துளை தெரிகிறது என்றால் உங்களுக்கு வந்திருப்பது வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டிய எல்லோருக்கும் வருவது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு இதுவே தோன்றுகிறது. ஓவர்லாக் மெஷினில் ஊசியைத் தள்ளி வைக்க முடியாது. அதனால் கழுத்தை முன்னே நீட்டி, கண்ணைச் சுருக்கி, வெளிச்சம் விழுகிற கோணம் தேடித் தலையைச் சாய்த்துச் சாய்த்துத் தைக்கிறீர்கள். தலை 45 பாகை குனிந்தால் கழுத்தின் மேல் 22 கிலோ அளவுக்குச் சுமை விழும் என்று 2014இல் ஒரு கணினி மாதிரிக் கணக்கு வந்தது. அது மனிதர்களை நேரில் அளந்தது இல்லை, ஆனாலும் குனியக் குனியச் சுமை ஏறும் என்பதில் சந்தேகமில்லை.

மெஷினை விட வேண்டாம். மெஷினோடு உட்காருகிற விதத்தை மாற்றுங்கள். ஸ்டூலை மேஜைக்கு நெருக்கி இழுத்துக்கொள்ளுங்கள். அது குட்டையாக இருந்தால் துணி மடித்துப் போட்டு உயர்த்துங்கள், தோள் தூக்காமல் முழங்கை மேஜை மட்டத்துக்கு வர வேண்டும். ஊசி மேல் வெளிச்சம் விழுகிற மாதிரி சின்ன எல்.இ.டி. விளக்குக்குச் சூப்பர்வைசரிடம் கேளுங்கள், தையல் பிசகாமல் வரும் என்றால் அவரும் தருவார். ஒவ்வொரு கட்டுப் பீஸ் முடிந்ததும் அரை நிமிடம், அந்தத் தாடை இழுப்பும் தோள் நெருக்கலும் போதும். பீஸ் ரேட்டில் ஓடுகிறவருக்கு அரை நிமிடமும் காசு என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் நீங்கள் ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் இருக்க வேண்டும். பிஸியோதெரபிக்கு அங்கே வழி கேட்கலாம். டாக்டர் ஓய்வு எழுதிக் கொடுத்தால், உரிய பருவத்தில் 78 நாள் சந்தா கட்டியிருக்கும் பட்சத்தில், வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அத்தனை நாள் நான் உங்களைப் படுக்கச் சொல்ல மாட்டேன். ஒரு வாரம் ஓவர்டைம் இல்லாமல் பகல் ஷிப்ட் மட்டும் போங்கள், அது போதும். இன்னும் மூன்று வாரத்தில் குறையவில்லை என்றால் நேரில் காட்டுங்கள்.

அதற்கு முன்னால் கண் மருத்துவரிடம் போங்கள். வெறுமனே “கிட்டப் பார்வை தெரியவில்லை” என்று சொன்னால் புத்தகம் படிக்கிற தூரத்துக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்துவிடுவார்கள், அதைப் போட்டுக்கொண்டு மறுபடியும் குனிவீர்கள். உங்களிடம் அளவு டேப் இருக்குமே. மெஷினில் நிமிர்ந்து உட்கார்ந்து, பக்கத்து மெஷின் பிள்ளையைவிட்டு உங்கள் கண்ணிலிருந்து ஊசி வரை அளக்கச் சொல்லி, எத்தனை அங்குலம் என்று சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.